ராதையை யாருக்கு நினைவிருக்கிறது?

கர்ணனைப் பெற்றவள் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே குந்தி என்று சொல்லிவிடுவார்கள். வளர்த்தவள் யார் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். பெரியவர்களிலும் பலர் "தேரோட்டியின் மனைவி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவள் பெயர் ராதை. கண்ணனோடு சேர்த்துச் சொல்லும் ராதை வேறு, இவள் வேறு. ஆற்றில் மிதந்து வந்த பெட்டியைத் திறந்து பிள்ளையை எடுத்துக்கொண்ட அதிரதனின் மனைவி. அவள் பெயரால்தான் கர்ணனுக்கு ராதேயன் என்ற பெயரே வந்தது.

அநாதை என்ற பாத்திரத்தை இலக்கியம் எப்படி நடத்தியிருக்கிறது என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது இந்த ராதைதான். நான் இலக்கியம் படித்தவன் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கி, ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் காலம் தள்ளி, ஓய்வு பெற்ற பிறகு சங்க நூலகத்தின் தயவால் படித்துக்கொண்டிருப்பவன். ஆகவே பண்டிதர்கள் பொறுத்தருள வேண்டும். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வியாச பாரதத்தில், யுத்தத்துக்கு முன்பு கிருஷ்ணன் கர்ணனைத் தனியே அழைத்து அவன் பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறான். நீ மூத்தவன், வா, ராஜ்யம் உனக்கே என்கிறான். கர்ணன் மறுக்கிறான். ஏன் மறுத்தான் என்று கேட்டால் நாம் எல்லோரும் ஒரே குரலில் செஞ்சோற்றுக் கடன் என்போம். தெருக்கூத்திலும் சினிமாவிலும் கேட்டுக் கேட்டு நம் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. ஆனால் மூலத்தில் அவன் முதலில் சொல்லும் காரணம் துரியோதனன் அல்ல. என்னைக் கையில் வாங்கியபோது அன்பினால் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரத்தை எடுத்தவள் அவள், எனக்குப் பெயர் வைத்துக் கல்யாணம் செய்துவைத்தவர் அதிரதன், அவர்களுக்கு நான் செய்ய வேண்டிய கடமையை எந்தப் பொன்னுக்காகவும் பூமிக்காகவும் விட மாட்டேன் என்ற பொருளில் பேசுகிறான். துரியோதனன் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பிள்ளை தன்னை வளர்த்த தாய் தகப்பன் மேல் வைத்த பாசத்தை நாம் எடுத்து, ஒரு ராஜாவிடம் பட்ட கடனாக மாற்றி வைத்திருக்கிறோம். குந்தி போர்க்களத்தில் மடியில் போட்டு அழும் காட்சிக்குத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் விட்டிருக்கிறோம். ராதை அழுத காட்சியை எந்த மேடையில் பார்த்தோம்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்' கதையை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் சுருக்கப் பதிப்பிலாவது படித்திருப்போம். 1834-ல் இங்கிலாந்தில் வந்த ஏழைகள் சட்டத்தின்படி நடந்த ஏழை விடுதியில் பிறந்து, பிறந்தவுடன் தாயை இழந்த பையன். அந்த விடுதிக் குழந்தைகளுக்கு பம்பிள் என்ற அதிகாரி அகர வரிசைப்படி பெயர் வைக்கிறான். முந்தைய குழந்தைக்கு எஸ், இவனுக்கு டி, அடுத்ததற்கு யு. வாகன்களுக்கு நாங்கள் நம்பர் எழுதுவதுபோல. இரண்டு வரியில் ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். டிக்கன்ஸ் அநாதை அல்ல. ஆனால் தகப்பனார் 1824-ல் கடனுக்காகச் சிறைக்குப் போனபோது, 12 வயதில் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். பசி என்னவென்று தெரிந்து எழுதினார்.

அப்பேர்ப்பட்டவரே கதையை எப்படி முடிக்கிறார் பாருங்கள். ஆலிவரின் தாய் விட்டுப்போன லாக்கெட்டும் மோதிரமும் பிறப்பைக் காட்டிக் கொடுக்கின்றன. அவன் ஒரு கனவானின் மகன், சொத்தில் பங்கு உண்டு என்று தெரிகிறது. ஏழை விடுதியிலும் திருடர் கூட்டத்திலும் வளர்ந்த அந்தப் பையன் முதல் பக்கத்திலிருந்தே பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி சுத்தமான ஆங்கிலம் பேசுவான். ரத்தம் பேசுகிறதாம்! அதே விடுதியில் டிக் என்று ஒரு சின்னப் பையன் உண்டு. ஆலிவர் தப்பி ஓடும்போது வேலியோரம் நின்று அவனை வாழ்த்தி அனுப்புகிற பிள்ளை. கடைசியில் ஆலிவர் வசதியாகத் திரும்பி வரும்போது டிக் செத்துப் போயிருக்கிறான். டிக்குக்கு லாக்கெட் இல்லை. கனவான் தகப்பனும் இல்லை. நிஜமான அநாதை அவன்தான், அவனுக்கு அந்தப் பெரிய நாவலில் கிடைத்தது சில பக்கங்கள்.

தாயத்து, மச்சம், குடும்பப் பாட்டு என்று நம் சினிமாக்காரர்கள் நாற்பது வருஷம் ஓட்டியதும் இதே சரக்குதான். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ரயில்வேக்காரனாகிய நான் கிப்ளிங்கின் 'கிம்' நாவலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1901-ல் வந்தது. லாகூர்த் தெருவில் பீரங்கி மேல் உட்கார்ந்து விளையாடும் அந்தப் பையனின் தகப்பன் ஐரிஷ் பட்டாளத்துக்காரன், பிறகு சிந்து பஞ்சாப் டெல்லி ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவன். மனைவி பெரோஸ்பூரில் காலராவில் இறந்துவிட, கைக்குழந்தையோடு குடித்துக் குடித்து லைன் ஓரமாகவே அலைந்து செத்தான். பையன் கழுத்தில் ஒரு தாயத்து, அதற்குள் காகிதங்கள். பட்டாளத்துப் பாதிரிகள் கையில் அந்தக் காகிதங்கள் கிடைத்த அன்றே அவன் வெள்ளைக்காரப் பிள்ளையாகி, லக்னோவில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். அதுவரை அவனை வளர்த்தவள் ஒரு கலப்பினப் பெண். பழைய நாற்காலி மேஜை விற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அபின் புகைக்கும் ஏழை. அந்தப் புத்தகத்தில் அவளுக்குப் பெயரே கிடையாது.

நம் மணிமேகலைக்கு வருவோம். அமுதசுரபி என்றால் எல்லோருக்கும் தெரியும். அது மணிமேகலை கைக்கு வருமுன் யாரிடம் இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆபுத்திரன் என்ற அநாதையிடம் இருந்தது. வாரணாசியைச் சேர்ந்த சாலி என்ற பெண் ஒழுக்கம் தவறி, கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் பிள்ளையைப் பெற்று ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்க்கிறார், வேதம் சொல்லிக் கொடுக்கிறார். பையன் வளர்ந்து, வேள்விக்கென்று கட்டி வைத்திருந்த ஒரு பசுவை இரவில் அவிழ்த்துவிடுகிறான். பால் கொடுத்த இனத்துக்கு வேறென்ன செய்வான்? பிடித்து அடிக்கிறார்கள். அப்போது ஒருவர், இவன் பிறப்பு எனக்குத் தெரியும் என்று எழுந்து சாலியின் கதையைச் சொல்கிறார். ஆபுத்திரன் சிரிக்கிறான். மாட்டுக்கும் மானுக்கும் புலிக்கும் பிறந்தவர்கள் என்று நீங்கள் கும்பிடும் ரிஷிகளின் பட்டியலைச் சொல்லட்டுமா என்று திருப்பிக் கேட்கிறான்.

பதில் சொல்லத் தெரியாதவர்கள் என்ன செய்வார்களோ அதையே ஊரார் செய்தார்கள். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அதைவிடக் கொடுமை, வளர்த்த இளம்பூதியே வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டார். நேற்று வரை மகன். பிறப்பு தெரிந்தவுடன் வேற்றாள்.

அவன் நடந்து மதுரைக்குப் போனான். சிந்தாதேவி கோயில் வாசலில் இருந்துகொண்டு, ஊரில் பிச்சை எடுத்து, குருடர் செவிடர் முடவர்களையும் நாதியற்றவர்களையும் கூப்பிட்டுச் சாப்பிட வைத்து, மிச்சத்தைத் தான் சாப்பிட்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தான். அதைப் பார்த்துத்தான் தெய்வம் அமுதசுரபியைக் கொடுத்தது. லாக்கெட்டும் தாயத்தும் அங்கே வேலை செய்யவில்லை. பெற்றவள் அழுதுகொண்டே ஓடிவந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. அவன் தாயைத் தேடவே இல்லை. ஊருக்கே தாயாக இருந்துவிட்டுப் போனான். டிக்கன்ஸுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு சாத்தனாருக்கு இப்படி எழுதத் தைரியம் இருந்தது என்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

நம் காலத்தில் அந்தத் தைரியத்தை நான் பார்த்தது ஜெயகாந்தனிடம். 1973-ல் புத்தகமாக வந்த 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் ஹென்றி தன்னை வளர்த்தவரின் ஊரைத் தேடிக்கொண்டு வருகிறான். பெற்றவர்கள் யார் என்ற விசாரம் அவனிடம் துளியும் கிடையாது. வளர்த்தவரின் மண்ணே அவனுக்குப் பூர்வீகம்.

இதெல்லாம் கதை, நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. நடைமுறையே சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு பிரிவில் நான் வேலை பார்த்தபோது என்னிடம் ஒரு கீமேன் இருந்தார். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு தன் பகுதி முழுவதும் தினமும் நடந்து, கழன்ற சாவிகளை அடித்து இறுக்கிக்கொண்டே போகும் வேலை. குழந்தை இல்லாதவர். ஒரு மழைக்கால ராத்திரி, பாசஞ்சர் வண்டி போன பிறகு சிறிய ஸ்டேஷன் ஒன்றின் பிளாட்பாரத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன் தனியாக நின்றிருக்கிறான். ஸ்டேஷன் மாஸ்டர் போலீசுக்குச் சொன்னார், யாரும் தேடி வரவில்லை. கீமேன் குவார்ட்டர்சுக்குக் கொண்டுபோனார். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் அவர் பெயர். ரேஷன் அட்டையில் பையன் பெயர் ஏறியது. பதினைந்து வருஷம் போயிற்று. லைனில் வேலையாக இருக்கும்போது மாரடைப்பு வந்து கீமேன் இறந்தார். கொள்ளி வைத்தது அந்தப் பையன்தான்.

கருணை அடிப்படையில் வேலை கேட்டு விண்ணப்பம் போனது. வளர்ப்பு மகனுக்கு வேலை கொடுக்க விதியில் இடம் உண்டு. ஆனால் ஊழியர் இறப்பதற்கு முன்பே சட்டப்படி தத்து முடிந்திருக்க வேண்டும். 1956-ம் வருஷத்து இந்து தத்துச் சட்டப்படி, கொடுப்பவர் ஒருவர் கொடுக்க, எடுப்பவர் எடுக்க வேண்டும். பெற்றோர் தெரியாத குழந்தையானால் கோர்ட் அனுமதியோடு ஒரு கார்டியன் கொடுக்கலாம். இந்தப் பையனைக் கொடுத்தது யார்? அலுவலகத்திலிருந்து அந்தக் கேள்வியோடு ஃபைல் திரும்பி வந்தது. நான் அந்த அம்மாளுக்கு விளக்கிச் சொன்னபோது அவர் இந்தியில் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "சாஹேப், ரயில் கொடுத்தது. ரயில்காரர்களே யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?"

விதி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பொய்த் தத்துப் பத்திரம் தயாரித்து வேலைக்கு வந்து நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பதினைந்து வருஷத்துப் பள்ளிக்கூடப் பதிவேடு ஒரு சாட்சியும் இல்லை, பெயர் தெரியாத ஒருத்தி கொடுத்திருந்தால் மட்டும் சாட்சி என்றால், அது ஆலிவரின் லாக்கெட்டைக் கேட்பதுதானே? வேலை கிடைக்கவில்லை. பையன் லாரி பட்டறை ஒன்றில் சேர்ந்து, அந்த அம்மாளைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றினான்.

இப்போது நிலைமை வேறு. 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி கண்டெடுத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் போலீசிடமோ, 1098 எண்ணிலோ, குழந்தைகள் நலக் குழுவிடமோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் குற்றம். பெற்றோரைத் தேடிப் பார்த்து, வராவிட்டால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் இரண்டு மாதத்திலும், மேற்பட்டதானால் நான்கு மாதத்திலும் தத்துக்கு உரியது என்று அறிவிக்கிறார்கள். 2022 முதல் தத்து உத்தரவை மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். ஸ்டேஷன் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மறுபடி புத்தகத்துக்கு வருகிறேன். தாகூரின் 'போஸ்ட்மாஸ்டர்' கதை 1891-ல் எழுதியது. கல்கத்தாவிலிருந்து குக்கிராமத்துக்கு வேலைக்கு வந்த போஸ்ட்மாஸ்டருக்கு ரத்தன் என்ற அநாதைச் சிறுமி வேலை செய்கிறாள். அவர் பொழுது போக எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறாள். வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பும்போது, என்னையும் கூட்டிப்போவீர்களா என்று கேட்கிறாள். அவர் சிரித்துவிட்டு, அது எப்படி முடியும் என்கிறார். பணம் கொடுக்கிறார், அவள் வாங்கவில்லை. மாற்றல் உத்தியோகத்தில் ஊர் ஊராகப் போன நம்மைப் போன்றவர்கள் அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு குவார்ட்டர்சிலும் நாம் விட்டு வந்தவர்கள் இருப்பார்கள்.

இருந்தாலும் இந்த விஷயத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது அவருடைய 'கோரா'வை. 1910-ல் நூலாக வந்தது. கோரா ஆசாரத்தில் ஊறியவன், தன் ஜாதிக்கு மிஞ்சியது உலகத்தில் இல்லை என்று இருப்பவன். உண்மையில் அவன் 1857 கலகத்தின்போது உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஓர் ஐரிஷ் பெண் பெற்றுவிட்டு இறந்துபோன பிள்ளை. எடுத்து வளர்த்தவள் ஆனந்தமயி. அந்தக் குழந்தையை மடியில் வாங்கிய அன்றோடு அவள் ஆசாரத்தையெல்லாம் விட்டுவிட்டாள். லச்மியா என்ற கிறிஸ்தவ வேலைக்காரி கையால் தண்ணீர் குடிக்கிறாள் என்று கோராவே அம்மா அறையில் சாப்பிட மாட்டான்! யாரால் அந்த அம்மாள் ஜாதியை விட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது.

ரகசியம் எப்படி வெளிவருகிறது? வளர்த்த தகப்பன் கிருஷ்ணதயாளுக்கு உடம்பு மோசமாகிறது. பிழைக்க மாட்டோம் என்று பயந்து, இவன் தனக்குச் சிராத்தம் செய்துவிடக் கூடாதே என்பதற்காக உண்மையைச் சொல்கிறார். அந்தக் கீமேனை நினைத்துக்கொண்டேன். மற்றக் கதைகளில் பிறப்பு தெரிந்தால் ராஜ்யம், சொத்து, பள்ளிக்கூடம் எல்லாம் வரும். இங்கே பிறப்பு தெரிந்ததும் ஜாதி, குலம், கோயில் எல்லாமே போய்விடுகின்றன. கோரா நேரே ஆனந்தமயியிடம் வருகிறான். நீதான் என் தாய் என்கிறான். லச்மியாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லு என்கிறான். தகப்பன் இளம்பூதி மாதிரி நடந்துகொண்டார். தாய் நடந்துகொள்ளவில்லை.

இனி, இதையெல்லாம் ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்து வரன் தகவல் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று யோசனை வந்திருக்கிறது. பெண்ணோ பிள்ளையோ சொந்தக் குழந்தையா, வளர்ப்புக் குழந்தையா என்று அதில் எழுத வேண்டுமாம். சென்ற வருஷம் ஒரு சம்பந்தம் நிச்சயத்துக்கு முன்னால் நின்றுபோனதுதான் காரணம். பெண் நன்றாகப் படித்து வேலையில் இருப்பவள். கைக்குழந்தையாகச் சட்டப்படி தத்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அவளுக்கே ஆறு வயதிலிருந்து விஷயம் தெரியும். பிள்ளை வீட்டாருக்குப் பிற்பாடு தெரிந்து, எங்களிடம் மறைத்துவிட்டார்கள் என்று சங்கத்தில் புகார் செய்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. 'கர்ண மோட்சம்' கூத்து இங்கே நடந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் அவர்களும் உண்டு.

சத்தியம் மறைக்கப்படக் கூடாது என்பது அவர்கள் வாதம். நானும் ஒப்புக்கொள்கிறேன். கர்ணனுக்கு யுத்த வாசலிலும் கோராவுக்கு முழு ஆளான பிறகும் சொன்னதில் எவ்வளவு கஷ்டம் வந்தது! ஆனால் சத்தியத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் அந்தக் குழந்தைக்கு. வளர்த்தவர்கள் அதைச் சின்ன வயதிலேயே, கதை சொல்வதுபோலச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெற்றோர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அதை யாரிடம் எப்போது சொல்வது என்பது அந்தப் பெண்ணின் இஷ்டம். தான் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் அவளே சொல்வாள். கமிட்டி மேஜையில் கிடக்கும் படிவத்தில், பத்துப் பேர் கை மாறும் காகிதத்தில் அது எதற்கு?

பரம்பரை வியாதி தெரிய வேண்டாமா என்று ஒரு அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு பக்கத்துக்கும் டாக்டர் இருக்கிறார், ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சொந்தப் பிள்ளைகளின் வீட்டில் சித்தப்பாவுக்கு என்ன வியாதி என்று நம் படிவத்தில் இதுவரை யாரும் எழுதியதாக நினைவில்லை.

பெற்றோர் பெயர் என்று ஏற்கெனவே ஒரு கட்டம் இருக்கிறது. சட்டப்படி தத்தெடுத்தவர்கள்தான் பெற்றோர். அவர்கள் பெயரை அங்கே எழுதினால் அதில் பொய் ஒன்றும் இல்லை. புதுக் கட்டம் வேண்டாம் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அபிப்பிராயம் உள்ளவர்கள், எந்தப் பக்கமானாலும், அன்று நேரில் வந்து சொல்லலாம்.